கை நிற்கிறது, உடல் போகிறது



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்று. உலகத்தின் முதல் வரிசை நீச்சல் வீரர்களின் ஸ்ட்ரோக்கை, அதாவது அவர்களுடைய கைவீச்சை, எப்படிப் பார்ப்பது? ‘பார்ப்பது’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஒலிம்பிக் வந்தால் நாம் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் உட்காருகிறோம். எதைப் பார்க்கிறோம்? தெறிக்கிற தண்ணீரைப் பார்க்கிறோம். சுழல்கிற தோளைப் பார்க்கிறோம். மறுநாள் காலையில் குளத்துக்கு வந்து, அதை அப்படியே செய் என்று பிள்ளையிடம் சொல்கிறோம். நீச்சல் நடப்பதோ தண்ணீருக்குக் கீழே. நாம் பார்த்ததோ தண்ணீருக்கு மேலே!

நான் நீந்தக் கற்றுக்கொண்டது கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா என்னைப் படியிலிருந்து தள்ளிவிட்டார். விழுந்தவன் முதலில் என்ன செய்தேன்? எல்லாப் பிள்ளைகளும் செய்வதைத்தான் செய்தேன். தலையைத் தூக்கினேன். தலை மேலே போகப் போகக் கால் கீழே போனது. கால் கீழே போகப் போக இன்னும் பலமாகத் தலையைத் தூக்கினேன். மாமா மேலேயிருந்து சத்தம் போட்டார்: “தலையத் தண்ணியில போடுடா! ஒடம்பு தானா மெதக்கும்!” மாமா எந்தப் பயிற்சி முகாமுக்கும் போனவர் இல்லை. ஆனால் இன்றைக்கு உலகத் தரப் பயிற்சியாளர் எவரைக் கேட்டாலும் முதல் பாடமாக இதைத்தான் சொல்வார்.

ஏன் இது முதல் பாடம்? ஒரு கணக்கைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் எட்டுகூட வராது. மெரினாவில் காலையில் நடக்கப் போகிறவர் கொஞ்சம் எட்டி ஓட்டமெடுத்தால் அந்த வேகம் வந்துவிடும். உசேன் போல்ட் அதே 100 மீட்டரைத் தரையில் 9.58 விநாடியில் ஓடியவர். ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம்! பான் ஜான்லேயிடம் பலம் குறைவா? இல்லை. எதிரே நிற்பது தண்ணீர். காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது.

அந்தத் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பைத் தாண்டிப் போக உங்கள் உடல் செலவிட வேண்டிய திறன் எட்டு மடங்காகும். இரண்டு மடங்கு வேகம் நமக்கு எதற்கு, பத்து சதவீதம் கூட்டினால் போதும் என்றாலும், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். மாதக்கணக்கில் ஜிம்மில் எடை தூக்கிச் சேர்க்கிற பலத்தைத் தண்ணீர் ஒரே வாயில் விழுங்கிவிடும். ஆகவே, தண்ணீரோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யாருமில்லை. தண்ணீருக்குக் குறைவாக வேலை வைத்தவர்களே ஜெயித்திருக்கிறார்கள். உடம்பை நீட்டி, தலையை அதன் நேர்கோட்டில் வைத்து, இடுப்பை மேலே கொண்டுவந்து, தலை திறந்த வழியிலேயே தோளும் இடுப்பும் காலும் போகும்படி பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். தலையை நான்கு விரல் தூக்குகிற பிள்ளை தன் காலையே நங்கூரமாகக் கட்டி இழுத்துப் போகிறது.

சரி, உடம்பு நேராகிவிட்டது. அடுத்து, கை என்ன செய்கிறது?

கை தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, உடம்பு முன்னால் போகிறது என்று பதில் சொல்வீர்கள். பதில் தவறில்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியைக் கண்ணால் கண்டு சொன்னவர் அமெரிக்காவில், இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஜேம்ஸ் கவுன்சில்மேன் என்று பெயர். ‘டாக்’ என்று எல்லோரும் அழைத்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம், ஏழிலும் உலக சாதனை என்று திரும்பிய மார்க் ஸ்பிட்ஸின் பயிற்சியாளர். தண்ணீருக்கடியில் கேமராவைக் கொண்டுபோய் வீரர்களைப் படமெடுத்து, அந்தப் படச்சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவர்.

அவர் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். கண்ணை மூடிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீச்சல் குளம். விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன. கும்மிருட்டு. வீரரின் கையில் ஒரு சின்ன விளக்கு மின்னி மின்னி எரிகிறது. அவர் நீந்துகிறார். கேமராவின் கண் திறந்தபடியே இருக்கிறது. படத்தில் வீரர் தெரியமாட்டார். உடம்பு தெரியாது, தலை தெரியாது. கை போன தடம் மட்டும், கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போல, இருட்டில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும்.

அந்தத் தடம் என்ன காட்டியது தெரியுமா? கை தண்ணீருக்குள் இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயேதான் வெளியே வந்தது. ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறோம் என்றல்லவா நீந்துகிறவர் நினைக்கிறார்? இல்லை. கை ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. அதைத் தாண்டி உடம்புதான் போகிறது! கயிற்றைப் பிடித்துக் கிணற்றிலிருந்து ஏறுகிறவனை நினைத்துப் பாருங்கள். கயிறு கீழே போகிறதா? கயிறு அங்கேயே தொங்குகிறது. ஆள் மேலே வருகிறான். தண்ணீர் கயிறு அல்ல, ஆகவே கொஞ்சம் நழுவும். அந்த நழுவலைக் குறைப்பதைத்தான் குளத்தில் ‘கேட்ச்’ என்கிறோம். தண்ணீரைப் பிடிப்பது. பிடி கிடைத்தவருக்குக் கை நிற்கும். பிடி கிடைக்காதவருக்குக் கை வழுக்கிக்கொண்டு போகும், உடம்பு நின்ற இடத்தில் நிற்கும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அதே ஒளித்தடத்தில் கவுன்சில்மேன் இன்னொன்றையும் கண்டார். கை நேர்கோட்டில் போகவில்லை. வளைந்து வளைந்து போனது. விமானத்தின் இறக்கையும் கப்பலின் சுழல் விசிறியும் போல, கை பக்கவாட்டில் அசைவதால் தூக்குவிசை பிறக்கிறது, அதுவே நீச்சலின் உந்துவிசை என்று அவர் விளக்கம் சொன்னார். பெரியவர் சொன்ன சொல். உலகம் முழுக்கப் பரவிற்று. ஆங்கில ‘எஸ்’ எழுத்தைத் தண்ணீருக்குள் எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நேசித்த பயிற்சியாளர் ஒருவர் குளத்தின் கரையில் நின்று காற்றில் எழுதிக் காட்டுவார். நாங்கள் தண்ணீரில் எழுதுவோம். எத்தனை ஆண்டுகள் எழுதினோம்!

பின்னால் வந்த ஆராய்ச்சிகள் என்ன சொல்லின? தோளும் இடுப்பும் இடதும் வலதுமாக உருள்கின்றன. அந்த உருளலில் கை வளைந்து போவதாகத் தெரிகிறது. வளைவில் பெரும்பகுதி வீரர் வேண்டுமென்று வரைந்தது அல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரஜத் மிட்டலும் அவர் குழுவினரும் தேர்ந்த வீரர்களின் கையசைவைக் கணினியில் ஏற்றி, நொடியின் ஒவ்வொரு துணுக்கிலும் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது என்று கணக்கிட்டார்கள். பக்கவாட்டில் துழாவும் கையைவிட, ஆழத்தில் துடுப்பைப் போலப் பின்னோக்கித் தள்ளும் கையே அதிகம் உந்துகிறது என்று அந்தக் கணக்கு சொல்லிற்று. கவுன்சில்மேன் கண்டது உண்மை. கண்டதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. அவ்வளவு கூர்மையான கண்ணுக்கே இப்படி நேர்ந்தது என்றால், ஒரு வீரரின் ஸ்ட்ரோக்கில் ஏதோ ஒன்றைக் கண்டதும், இதனால்தான் இவர் வேகமாகப் போகிறார் என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

அந்தத் துடுப்பு எது என்பதைக் கவனியுங்கள். உள்ளங்கை மட்டுமா? உள்ளங்கை சின்னது. விரல்நுனியிலிருந்து முழங்கை வரை உள்ள முழுப் பரப்பும் துடுப்பு. அது துடுப்பாக வேண்டுமானால், கை முன்னால் நீண்டு இறங்கியவுடன் விரல்கள் தரையைப் பார்க்க வேண்டும், முழங்கை மேலேயே நிற்க வேண்டும். முழங்கையைக் கீழே விழவிட்டால், முன்கை சரிந்த பலகை ஆகிவிடும். தண்ணீர் அதன்மேல் வழுக்கிப் போகும். இளம் நண்பர்களே, பயிற்சி முடிந்ததும் ஏணியைப் பிடிக்காமல் விளிம்பில் கையூன்றி மேலே ஏறுகிறீர்களே, அப்போது முழங்கை எங்கே இருக்கிறது? மணிக்கட்டுக்கு மேலே இருக்கிறது. முழங்கை கீழே இருந்தால் ஏற முடியுமா? முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறுகிறீர்கள்! ஏறும்போது இருக்கிற அதே முழங்கையைத் தண்ணீருக்குள் கொண்டுபோங்கள். விரல்களை இறுக்கிச் சேர்க்கவும் வேண்டாம், சற்றே இடைவெளி இருக்கலாம்.

இப்போது மேலே பார்ப்பதற்கும் கீழே பார்ப்பதற்கும் வருவோம். மூன்று பேரைச் சொல்கிறேன்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் ஜேனட் எவன்ஸ் என்ற பதினேழு வயதுப் பெண் மூன்று தங்கம் வென்றாள். சின்ன உடம்பு. கையை மடக்காமல் நீட்டியபடியே காற்றாலை போலச் சுற்றுவாள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஸ்ட்ரோக். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் 1989-இல் 800 மீட்டரில் வைத்த 8 நிமிடம் 16.22 விநாடி என்ற சாதனை 2008 வரை நின்றது! பத்தொன்பது ஆண்டுகள்!

அலெக்சாண்டர் போபோவ், ரஷ்யர். 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா, இரண்டு ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர், 100 மீட்டர் இரண்டிலும் தங்கம். அவர் பயிற்சியாளர் கென்னாடி துரெட்ஸ்கி, மெதுவாக நீந்தும்போதும் பிசகாத வடிவத்தை அவரிடம் கேட்டார். போபோவ் நீந்தினால் அவசரமே தெரியாது. அடுத்த லேனில் இருப்பவர் பதறியடித்து வந்துகொண்டிருப்பார். இவர் ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் நீளமாக, நிதானமாகப் போய்க்கொண்டிருப்பார்.

மூன்றாவது, கேட்டி லெடெக்கி. 2012 முதல் 2024 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் 800 மீட்டர் தங்கம் அவருடையதே. ரியோவில் இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் நடுவே பதினொரு விநாடிக்கு மேல்! அவர் ஸ்ட்ரோக்கோ ஒருபக்கம் சாய்ந்து, குதிரை நாலுகால் பாய்ச்சலில் போவது போல ஏறி ஏறி இறங்கும். இரண்டு கைக்கும் ஒரே தாளம் கிடையாது.

மேலே பார்த்தால் மூன்று பேருக்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா? ஒருத்தி காற்றாலை, ஒருவர் நிதானம், ஒருவர் குதிரைப் பாய்ச்சல். கேமராவைக் கீழே இறக்குங்கள். மூன்று பேருக்கும் கை தண்ணீரைச் சீக்கிரம் பிடிக்கிறது. முன்கை செங்குத்தாகிறது. இடுப்பு மேலே நிற்கிறது. காற்றில் கை வருவது அவரவர் தோளுக்கும் தாளத்துக்கும் ஏற்ப வருகிறது. பத்து வயதுப் பிள்ளையின் தோளை வளைத்து லெடெக்கியாக்கப் பார்க்கிற பெற்றோர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், அந்தக் குழந்தையின் தோள்மூட்டு உங்கள் ஆசைக்காகப் பிறந்தது அல்ல.

இனி ஒரு பந்தயத்தை, அதன் கடைசி ஒரு விநாடியை, பக்கத்தில் போய்ப் பார்ப்போமா?

2008, பெய்ஜிங். 100 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதிப் போட்டி. மைக்கேல் பெல்ப்ஸ் முதல் 50 மீட்டரில் திரும்பும்போது எட்டுப் பேரில் ஏழாவது. முன்னால் போவது செர்பியாவின் மிலோராட் சாவிச். திரும்பி வருகிறார்கள். பெல்ப்ஸ் நெருங்குகிறார், நெருங்குகிறார். சுவர் வந்துவிட்டது. சாவிச் முன்னால். அவர் கடைசிக் கைவீச்சை முடித்து, இரண்டு கையையும் நீட்டி, சுவரை நோக்கி வழுக்கிக்கொண்டு வருகிறார். பெல்ப்ஸுக்கோ தூரம் சரியாக அமையவில்லை. வழுக்கினால் நேரமாகும், முழு ஸ்ட்ரோக்குக்கு இடமில்லை. என்ன செய்தார்? அரைக் கைவீச்சு ஒன்றைக் கூடுதலாகப் போட்டார். சாவிச் வழுக்கும்போது தலை லேசாக மேலே எழும்புகிறது. என் மாமா கத்தினாரே, அந்தத் தலை! வழுக்குகிற உடம்பைத் தண்ணீர் ஒவ்வொரு கணமும் பிடித்து நிறுத்துகிறது. பெல்ப்ஸின் கை வேகத்தோடு வந்து தொடுபலகையை அறைகிறது. 50.58. சாவிச் 50.59.

நூறில் ஒரு விநாடி. அந்த வேகத்தில் அது எவ்வளவு தூரம்? சுமார் இரண்டு சென்டிமீட்டர். ஒரு விரற்கடை! செர்பியா முறையிட்டது. படங்களைப் பார்த்துவிட்டு நடுவர்கள் முடிவை மாற்றவில்லை. அந்த அரைக் கைவீச்சைப் போட்டபோது, தோற்றுவிட்டோம் என்றுதான் பெல்ப்ஸே நினைத்தாராம். அந்த ஒலிம்பிக்கில் அவர் வென்ற எட்டுத் தங்கத்தில் ஒன்று இந்த விரற்கடையில் இருந்தது.

மார்பு நீச்சலைப் பற்றி ஒரு சொல். காலை மடக்கி முன்னால் கொண்டுவருகிற ஒவ்வொரு தடவையும் உடம்பே தனக்கு பிரேக் போட்டுக்கொள்கிற நீச்சல் அது. நான்கில் மெதுவானதும் அதுதான். பிரிட்டனின் ஆடம் பீட்டி 2019-இல் அதிலேயே 100 மீட்டரை 56.88 விநாடியில் முடித்தார். வேகம் செத்துப்போவதற்குள் அடுத்த ஸ்ட்ரோக்கைத் தொடங்கிவிடும் அசுரத் தாளம் அவருடையது.

நம் கிணற்றில் உள்நீச்சல் என்று ஒன்று உண்டே, தம் பிடித்து இந்தக் கரையில் மூழ்கி அந்தக் கரையில் எழுவது, அதற்கும் ஒலிம்பிக்கில் ஒரு வரலாறு இருக்கிறது. 1956 மெல்போர்னில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டர் மார்பு நீச்சலின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கடியிலேயே நீந்தித் தங்கம் வென்றார். உடனே அதைத் தடுத்து விதி வந்தது. 1988 சியோலில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப், மல்லாந்து நீந்தும் 100 மீட்டரில் சுவரை உதைத்து மூழ்கியவர் முப்பது மீட்டருக்கு மேல் போய்த்தான் எழுந்தார். தகுதிச் சுற்றில் 54.51, உலக சாதனை! இறுதியில் அவரைத் தோற்கடித்தவர் ஜப்பானின் டைச்சி சுசுகி. அவரும் அடியில் வந்தவர்தான்.

அடியில் ஏன் வேகம்? மேற்பரப்பில் நீந்துகிறவர் அலையை உண்டாக்குகிறார். தன் பலத்தின் ஒரு பங்கை அலைக்குக் கப்பமாகக் கட்டுகிறார். அரை மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் போகிறவருக்கு அந்தக் கப்பம் பெருமளவு குறைகிறது. இரண்டு காலையும் சேர்த்து, நெஞ்சுக்கூட்டிலிருந்து கால்விரல் வரை ஒரே அலையாக அடிக்கிற டால்ஃபின் கிக் தண்ணீருக்கடியில் பரவிய கதை இது. சியோலுக்குப் பிறகு மல்லாந்த நீச்சலுக்கு முதலில் 10 மீட்டர் என்றும், பின்பு 15 மீட்டர் என்றும் எல்லை வகுத்தார்கள். 1998-இல் ஃப்ரீஸ்டைலுக்கும் பட்டர்ஃப்ளைக்கும் அந்த 15 மீட்டரே எல்லையாயிற்று. இன்றைய பெரிய பந்தயங்களில் பாதி வெற்றி அந்தப் பதினைந்து மீட்டருக்குள் தீர்மானமாகிவிடுகிறது. நம் பிள்ளைகளோ சுவரை உதைத்த மறுகணமே மூச்சுக்கு எழுந்துவிடுகிறார்கள். கிணற்றில் உள்நீச்சல் போட்ட தலைமுறைக்குப் பிறந்தவர்கள் இவர்கள்! இதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்மிடம் அந்தக் கேமரா எங்கே, அந்தக் கணினி எங்கே என்று கேட்பீர்கள். நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷை நினைத்துப் பாருங்கள். 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தி, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். தகுதி நேரம் 1 நிமிடம் 56.48. மிச்சம் பத்தில் ஒரு விநாடி. தூரமாகச் சொன்னால் ஒரு சாண்கூட இல்லை.

உங்களிடம் நிறுத்துக்கடிகாரம் இருக்கிறது. கண் இருக்கிறது. 50 மீட்டருக்கு உங்கள் பிள்ளை எத்தனை கை போடுகிறது என்று எண்ணியிருக்கிறீர்களா? 44 கை, 36 விநாடி என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 80. அடுத்த மாதம் அதே 36 விநாடியில் 41 கை என்றால், பிடி கிடைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கையைக் குறைக்கவேண்டும் என்பதற்காக, முன்னால் நீட்டிக்கொண்டு சும்மா வழுக்கினால் கை குறையும், விநாடி ஏறும். சாவிச்சுக்கு நேர்ந்தது அதுதான். இரண்டையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கைப்பேசியை நீர் புகாத உறையில் போட்டு, குளத்தின் ஓரத்தில் முழங்கை ஆழத்துக்கு இறக்கிப் பக்கத்திலிருந்து ஒருமுறை, எதிரிலிருந்து ஒருமுறை படமெடுங்கள். கவுன்சில்மேன் இருட்டில் விளக்கைக் கட்டி அலைந்ததை நீங்கள் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

அந்த மனிதரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பிறருடைய கைகளை அளந்தே வாழ்நாளைக் கழித்தவர், 1979-இல், ஐம்பத்தெட்டாம் வயதில், தானே தண்ணீரில் இறங்கினார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார்.

இப்போது அரங்கத்தின் விளக்குகளை அணைக்கச் சொல்கிறேன். நம் குளத்துப் பிள்ளைகள் ஆறு பேரை, அவர்கள் பெற்றோரின் சம்மதத்தோடு, நேற்றுக் காலை தண்ணீருக்கடியில் படமெடுத்து வைத்திருக்கிறோம். முதலில் ஒரு லேன் முழுக்க ஓடவிடுவோம். அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். முன் வரிசையில் இருக்கிற பிள்ளைகள் சத்தமாகக் கையை எண்ணுங்கள். பெரியவர்கள் முழங்கையைப் பாருங்கள்.